இன்ஜினை அணைத்துவிட்டு கேபினில் ஏசி போட என்ன வழி? கடலோர லாரிக்காரர்களுக்கு ஒரு கணக்கு

உச்சிப்புளிப் பக்கம் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். கடந்த சில மாதங்களாகப் பட்டறைக்கு வருகிற ஓனர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "அண்ணே, நைட்டு வண்டி நிக்கிறப்போ இன்ஜினை அணைச்சிட்டு ஏசி ஓட்டணும். எதைப் போடலாம்?" கீழக்கரை காக்கா (அங்கே முஸ்லிம் பெரியவர்களை, அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் மூன்று வண்டி வைத்திருக்கிறார். ஒன்று மண்டபத்தில் மீன் ஏற்றுகிறது, ஒன்று கேரளாவுக்குப் போகிறது, ஒன்று சாயல்குடிப் பக்கத்துக் கருவேலங்கரியை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறது. மூன்றுக்கும் ஒரே பெட்டியாக வாங்கினால் விலை குறைத்துத் தருவதாக எங்கோ ஒரு கடையில் சொன்னார்களாம். "வாங்கிடாதீங்க காக்கா, முதல்ல கணக்குப் பார்ப்போம்" என்றேன். அந்தக் கணக்குதான் இது.

இந்தக் கேள்வி இப்போது கூடியதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மொத்த எடை மூன்றரை டன்னைத் தாண்டும் சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி இருந்தாக வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரிலேயே அறிவிக்கை போட்டுவிட்டது. நல்ல விஷயம். ஆனால் அந்த ஏசி பெல்ட் போட்டு இன்ஜினோடு சுற்றுவது. இன்ஜின் நின்றால் ஏசியும் நின்றுவிடும். ஓடும்போது குளுகுளுவென்று பழகிய உடம்பு, வண்டி நின்ற பிறகு வேர்வையில் தூங்க மறுக்கிறது. சாவியைத் திருப்பி அப்படியே ஐடிலில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்படி, விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு மாற்றாகக் கேபினுக்கென்று தனியாக மின்சாரமும் குளிரும் தருகிற ஏற்பாட்டைத்தான் ஏபியூ என்கிறார்கள். நம் பக்கத்தில் பார்க்கிங் ஏசி என்ற பெயர்தான் ஓடுகிறது. இரண்டும் ஒன்றல்ல, கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

கடைக்காரர் முதலில் "எத்தனை டன் ஏசி வேணும்?" என்று கேட்பார். அது இருக்கட்டும். முதலில் இரண்டு எண்களை எழுதுங்கள். வண்டி ஒரு இரவுக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறது? ஒரு நிற்றலுக்கும் அடுத்த நிற்றலுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் ஓடுகிறது? முதல் எண்ணை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை. முடிவைத் தீர்மானிப்பதோ அந்த இரண்டாவது எண்தான்.

அடுத்தது, எங்கே நிற்கிறது என்பது. ராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரைக்கு வரும். மீன் வண்டி அதற்கு முந்திய இரவே இறங்குதளத்துப் பக்கம் வந்து நின்றுவிடும். கடலிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே நிற்கிற வண்டிக்கும் மதுரை பைபாஸில் நிற்கிற வண்டிக்கும் ஒரே பெட்டியைப் பொருத்தினால், ஒன்று ஐந்து வருடம் உழைக்கும், இன்னொன்று இரண்டாம் வருடமே பட்டறைக்கு வரும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாம்பன் பாலத்தைத் தாண்டி வருகிற வண்டியின் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த உப்புதான் ஏசி பெட்டிக்குள்ளும் போகிறது.

மூன்றாவது, மீன் வண்டிக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது: சரக்கைக் குளிரவைப்பது எது? தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு ஏற்றுகிற வண்டி என்றால் கவலையில்லை. ஃப்ரீசர் வண்டி என்றால் இரண்டு வகை உண்டு. பெரிய வண்டிகளில் ஃப்ரீசருக்குத் தனி டீசல் இன்ஜின் முன்பக்கம் தொங்கும். சிறிய வண்டிகளில் ஃப்ரீசர் கம்ப்ரசரே மெயின் இன்ஜினின் பெல்ட்டில்தான் ஓடும். இந்த இரண்டாம் வகையில் லோடு ஏற்றிய பிறகு இன்ஜினை அணைக்கவே முடியாது, அணைத்தால் இறால் கெட்டுவிடும். இன்ஜின் எப்படியும் ஓடப்போகிறது என்றால் கேபின் ஏசியும் அதிலேயே ஓடட்டும். இதற்குப் போய் இரண்டு லட்சம் போட்டு பார்க்கிங் ஏசி வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் காசு மிச்சப்படுத்துவது லோடு இல்லாமல் நிற்கிற இரவுகளில் மட்டும்.

கடைசியாக, மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. அந்த இரண்டு மாதமும் வண்டி சும்மா நிற்குமா, மிளகாய், உப்பு என்று வேறு லோடு அடிக்குமா? சும்மா நின்றால் பேட்டரியும் ஜெனரேட்டரும் என்ன ஆகும் என்பதும் செலவுக் கணக்கில் வர வேண்டும்.

## இன்ஜினையே ஐடிலில் விடுவது

முதலீடு எதுவும் இல்லை என்பதுதான் இதன் கவர்ச்சி. அமெரிக்காவில் பெரிய லாரிகள் ஐடிலில் மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும் என்பது அங்கே எல்லோரும் எடுக்கிற கணக்கு. நம் வண்டிகளின் இன்ஜின் சிறியது; ஏசியோடு ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் வரும். நான் 2 லிட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். என் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு நாள் டேங்கை விளிம்புவரை நிரப்பிவிட்டு, ஏசியோடு ஐந்து மணி நேரம் நிறுத்தி ஓடவிட்டு, அதே இடத்தில் மறுபடி நிரப்பிப் பாருங்கள். உங்கள் வண்டியின் எண் கிடைத்துவிடும்.

ஒரு இரவு 7 மணி நேரம் என்றால் 14 லிட்டர். டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் 1,300 ரூபாய். மாதம் 12 இரவு என்றால் பதினைந்தாயிரத்தைத் தாண்டுகிறது.

வெளியே தெரியாத செலவு இன்ஜினுக்குள் இருக்கிறது. புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி வேகமாக ஓடி சைலன்சர் நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். இரவெல்லாம் ஐடிலில் நின்றால் சூடு பற்றாது, கரி சேர்ந்துகொண்டே போகும். டேஷ்போர்டில் விளக்கு எரிந்து, பவர் குறைந்து, சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிச் சுத்தம் செய்ய வேண்டி வரும். "பழைய வண்டி எத்தனை நாள் இப்படி நின்னுச்சு, ஒண்ணும் ஆகலையே" என்பவர்களிடம் நான் சொல்வது: பழைய வண்டியில் அந்த வடிகட்டியே கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேபின் தரையில் ஓட்டை இருந்து, சைலன்சரிலும் கசிவு இருந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. உப்பில் அரித்த சைலன்சர் நம் ஊரில் அபூர்வமா என்ன?

இதையெல்லாம் மீறி ஐடில் சரி என்று நான் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பெல்ட் ஃப்ரீசர் வண்டிக்காரர், மாதம் மூன்று நான்கு இரவுக்கு மேல் நிற்காதவர், அடுத்த வருடம் வண்டியை விற்கப்போகிறவர்.

## தனி டீசல் ஏபியூ

இதுதான் அசல் ஏபியூ. சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) ஓரத்தில் ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு சிலிண்டர் குட்டி டீசல் இன்ஜின், ஒரு ஆல்டர்னேட்டர், ஒரு ஏசி கம்ப்ரசர். மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும். பேட்டரி இறங்குகிற பயமே இல்லை; டேங்கில் டீசல் இருக்கும்வரை ஓடும்.

அமெரிக்காவில் இது பரவியதற்குக் காரணம் அந்த ஊர்ச் சட்டமும் அந்த ஊர்க் குளிரும். டிரைவர் 11 மணி நேரம் ஓட்டினால் அடுத்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில் 2008 முதல் படுக்கை உள்ள லாரியும் ஐந்து நிமிடத்துக்கு மேல் சும்மா இன்ஜினை ஓடவிடக்கூடாது. பனிக்காலத்தில் கேபினைச் சூடாக்குவது, உறைந்து கிடக்கும் மெயின் இன்ஜினுக்கு இளஞ்சூடு கொடுப்பது எல்லாம் அந்தப் பெட்டியின் வேலை. எடையும் அதிகம், கிட்டத்தட்ட 200 கிலோ வரும். அங்கே இதற்கென்றே வண்டியின் எடை வரம்பில் 250 கிலோவரை சலுகை கொடுக்கிறார்கள். விலை எட்டிலிருந்து பன்னிரண்டாயிரம் டாலர்.

நாம் அந்தக் குளிருக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எடைச் சலுகையும் இங்கே கிடையாது, 200 கிலோ என்பது நான்கைந்து பெட்டி மீன். அதைவிடப் பெரிய சிக்கல், அது இன்னொரு இன்ஜின். அதற்கும் ஆயில், ஃபில்டர், பெல்ட். ராமநாதபுரத்தில் அதன் வாட்டர் பம்ப் போனால் எங்கே போய்த் தேடுவீர்கள்? உள்ளூரில் சின்ன டீசல் இன்ஜினைச் சேஸில் மாட்டி இதேபோலச் செய்து தருகிறவர்கள் உண்டு. அதிர்வும் சத்தமும் தாங்காமல் டிரைவர்களே அணைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இது பொருந்துகிற இடம் ஒன்று உண்டு. வண்டி இரண்டு மூன்று நாள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், டிரைவர் அதிலேயே தங்க வேண்டும், பக்கத்தில் கரன்ட் இல்லை. துறைமுக வாசலில் கன்டெய்னரோடு காத்துக் கிடக்கும் வண்டி அப்படிப்பட்டது. ஒரே கம்பெனி வண்டிகள் இருபது முப்பது என்றால் ஸ்பேரும் மெக்கானிக்கும் வைத்துக் கட்டுப்படியாகலாம். ஒற்றை வண்டி ஓனருக்கு நான் சொல்லமாட்டேன்.

## பேட்டரியில் ஓடும் பார்க்கிங் ஏசி

பெரும்பாலோர் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான். 24 வோல்ட் ஏசி, கூரைமேலோ கேபினின் முதுகிலோ உட்கார்ந்திருக்கும். கேபின் குளிர்ந்த பிறகு சராசரியாக 600 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 0.6 யூனிட். ஏழு மணி நேரத்துக்கு 4.2 யூனிட்.

இந்த 4.2 யூனிட்டை எதில் சேமிப்பது? சாதாரண ஈய பேட்டரி, 200 ஏஹெச் (ஆம்பியர்-மணி) இரண்டைத் தொடராகக் கட்டினால் காகிதத்தில் 4.8 யூனிட் வரும். ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் செத்துவிடும். ஆக உண்மையில் கையில் இருப்பது 2.4 யூனிட், நான்கு மணி நேரம். இரவு பத்துக்குப் போட்டால் இரண்டு மணிக்கு வியர்க்கும். எடையோ இரண்டும் சேர்ந்து 120 கிலோவுக்கு மேல். லித்தியத்தில், அதாவது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகையில், அதே 24 வோல்ட் 200 ஏஹெச் என்பது 5.1 யூனிட். அதில் 90 சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏழு மணி நேரம் தாராளமாக ஓடும். எடை 50 கிலோ பக்கம்.

லித்தியம் விலை அதிகம்தான். ஆனால் நம் வெயிலில் ஈய பேட்டரியின் ஆயுளைக் கணக்குப் பண்ணுங்கள். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் சொல்லும் பொது விதி. மே மாதம் தார் ரோட்டுக்கு மேல் தொங்குகிற பேட்டரிப் பெட்டிக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று கை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

இப்போது அந்த இரண்டாவது எண்ணுக்கு வருவோம். இரவு இறக்கிய 4.2 யூனிட்டைப் பகலில் ஏற்ற வேண்டும். ஏற்றுவது டைனமோ. நடுவே 40 ஆம்பியர் சார்ஜர் போட்டால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் ஏறும். நாலரை மணி நேரம் ஓடினால் நிரம்பும். வடக்கே போகிற கரி வண்டி தினமும் பத்து மணி நேரம் ஓடுகிறது. அதற்குக் கவலையே இல்லை. கேரளா வண்டிக்கும் சரிதான். ஆனால் மண்டபத்தில் ஏற்றி ராமநாதபுரம் கம்பெனியில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி ஓடுவதே மொத்தம் இரண்டு மணி நேரம். முதல் இரவு ஜம்மென்று ஓடும், இரண்டாம் இரவு பாதியில் நிற்கும், மூன்றாம் நாள் கடைக்காரருக்குத் திட்டு விழும். அவர் மேலும் தப்பில்லை, பெட்டி மேலும் தப்பில்லை.

"டைனமோ சும்மாதானே சுத்துது, கரன்ட் ஃப்ரீதானே" என்பார்கள். ஃப்ரீ இல்லை. டைனமோ கரன்ட் கொடுக்கிற நேரம் இன்ஜினுக்கு அந்த அளவு பாரம் கூடும். இன்ஜினிலும் டைனமோவிலும் வீணாவது போக, அந்த 4.2 யூனிட்டுக்குச் சுமார் 2 லிட்டர் டீசல் போகிறது. 14 லிட்டருக்குப் பதில் 2 லிட்டர் என்பது பெரிய லாபம்தான், ஆனாலும் எழுதிவையுங்கள்.

அந்தச் சார்ஜரை வாங்காமல் லித்தியத்தை நேரே டைனமோவில் மாட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். லித்தியம் பேட்டரி கிடைக்கிற ஆம்பியரையெல்லாம் உறிஞ்சும். டைனமோ, குறிப்பாக இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, காற்றோட்டம் இல்லாமல் வெந்துபோகும். காயில் கருகிய நாற்றம் வந்த பிறகு சார்ஜர் வாங்கிப் பயனில்லை.

நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் ஒருவர் செலவைக் குறைக்கச் சொன்னார் என்று, வண்டியின் செல்ஃப் எடுக்கிற பேட்டரியிலேயே பார்க்கிங் ஏசியைக் கொடுத்துவிட்டேன். 22 வோல்ட்டில் தானே அணையும்படி வைத்திருந்தேன். பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்தேன். 22 வோல்ட்டுக்கு வரும்போது அந்த ஈய பேட்டரியில் சக்தி அநேகமாகத் தீர்ந்திருக்கும் என்பதை யோசிக்கவில்லை. விடியற்காலை நாலரைக்கு போன். மீன் ஏற்றியாகிவிட்டது, சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லோடு வண்டி, பிரேக்கில் காற்றும் இறங்கிவிட்டது, தள்ளவும் முடியாது. நான் மோட்டார்சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் பெட்டிகளின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வண்டி பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தேன். அன்றைக்கு அந்த ஓனர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவில்லை. செல்ஃப் பேட்டரி வேறு, ஏசி பேட்டரி வேறு. இதில் பேரமே வேண்டாம்.

## கரன்டில் செருகுவது

இதைப்பற்றி யாரும் கேட்பதே இல்லை, எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. வண்டி இரவு நிற்பது மீன் கம்பெனி வளாகத்திலோ ஐஸ் பேக்டரி பக்கமோ என்றால், ஒரு வயர் இழுத்து சார்ஜரில் செருகினால் போதும். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் ஓர் இரவுக்கு ஐம்பது ரூபாய்தான். கொஞ்ச தூரம் ஓடுகிற வண்டிக்கு பேட்டரி நிரம்பாத சிக்கலும் இதில் தீர்கிறது.

குறை இரண்டு. இறங்குதளத்தில் செருக இடம் இருக்காது. அப்புறம், மீன் இறக்குகிற வாடியில் தரை முழுக்க மீன் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். அதன்மேல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் போட்டுவிட்டுத் தூங்கினால் யாராவது அடிபடுவார்கள். கசிவு கரன்டைக் கண்டதும் விழுகிற ஆர்சிசிபி இல்லாத இடத்தில் செருகவே வேண்டாம்.

## மற்ற சின்ன வழிகள்

பெட்ரோல் ஜெனரேட்டர்: கையில் தூக்குகிற சின்ன செட், வீட்டு ஏசி ஒன்று. முதலீடு குறைவு, ஓர் இரவுக்கு நாலைந்து லிட்டர் பெட்ரோல். புகை விஷயம் ஐடிலைவிட மோசம், ஏனென்றால் இதைக் கேபினுக்கு அடியிலோ பின்னாலோ வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். 61 நாள் ஓடாமல் நின்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகி அடைத்துக்கொள்ளும். நான் பரிந்துரைப்பதில்லை.

தண்ணீர்க் கூலர்: கூரைமேல் வைக்கிற கூலர் மின்சாரம் குறைவாகத்தான் இழுக்கும். நாக்பூரின் காய்ந்த மே மாதத்துக்கு அது அமிர்தம். ராமேசுவரத்தின் ஈரக்காற்றில் அது கேபினைப் புழுக்கப் பெட்டியாக்கும்.

சோலார்: வெயிலுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையமே இருக்கிறது. ஆனால் லாரியின் கூரையில் வைக்கிற 400 வாட் பேனல் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட் கொடுத்தால் அதிகம். ஏசிக்கு இரண்டரை மணி நேரம். முழு இரவுக்கும் போதாது. ஆனால் தடைக்காலத்தில் சும்மா நிற்கிற வண்டியின் பேட்டரியைச் சாகாமல் வைத்திருக்க இதைவிட நல்ல வழி இல்லை. அதற்கு 100 வாட் போதும். மீன் வண்டி என்றால் காக்காய் எச்சத்தைத் தினமும் துடைக்க ஆள் வேண்டும். ஒரு மூலை மறைந்தாலே பேனல் சோர்ந்துவிடும்.

ஃபேனும் கொசுவலையும்: சிரிக்காதீர்கள். டிரைவர்களைக் கேட்டால், ஜன்னலைத் திறக்க முடியாததற்குப் பாதிக் காரணம் கொசு. 24 வோல்ட் ஃபேன் இரண்டு, ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைத்த வலை. எட்டு மணி நேரத்துக்குக் கால் யூனிட்கூட ஆகாது. வாடைக்காற்று வீசுகிற மார்கழி, தை மாதங்களில் கடலோரத்தில் இதுவே போதும். வண்டியைக் காற்று வருகிற திசைக்கு ஜன்னல் இருக்கும்படி நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

ஓர் இரவு என்பது 7 மணி நேரம், டீசல் 93 ரூபாய் என்ற கணக்கில்:

| வழி | ஓர் இரவுச் செலவு | எதற்குச் சரி | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| ஐடில் | 1,300 ரூபாய் | எப்போதாவது நிற்பவர், பெல்ட் ஃப்ரீசர் வண்டி | கரி வடிகட்டி, புகை |
| டீசல் ஏபியூ | சுமார் 560 ரூபாய் | நாள்கணக்கில் நிற்கும் வண்டி | 200 கிலோ எடை, ஸ்பேர் |
| லித்தியம் பார்க்கிங் ஏசி | சுமார் 190 ரூபாய் | தினமும் 5 மணி நேரத்துக்கு மேல் ஓடும் வண்டி | சார்ஜர், உப்பு |
| கரன்ட் பிளக் | சுமார் 50 ரூபாய் | ஒரே வளாகத்தில் நிற்கும் வண்டி | எர்த், ஆர்சிசிபி |
| ஃபேன், வலை | ஒன்றுமில்லை | ஐப்பசி முதல் மாசி வரை | சித்திரையில் தூக்கம் கெடும் |

லித்தியம் ஏசி, பேட்டரி, சார்ஜர், வேலை எல்லாம் சேர்த்து 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால்: ஓர் இரவுக்கு 12 லிட்டர் மிச்சம், மாதம் 12 இரவு, வருடத்தில் தடைக்காலம் போக 10 மாதம். வருடத்துக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் பக்கம் வருகிறது. ஒன்றரை வருடத்தில் போட்டது திரும்பும். மாதம் நான்கே இரவுதான் நிற்கிறீர்கள் என்றால் நாலரை வருடம். அதற்குள் உப்பு முந்திக்கொள்ளும்.

## உப்பு என்ன செய்கிறது

போன வாரம் ஒரு வண்டி வந்தது. "ஏசி பெட்டி போச்சு, மாத்தணும்" என்றார் ஓனர். பெட்டிக்கு ஒன்றும் இல்லை. பேட்டரியிலிருந்து வருகிற வயரின் முனையில் இருந்த லக் என்கிற உலோக முனையைத் தொட்டேன், விரல் சுட்டது. உறையை ஒரு சாண் உரித்துப் பார்த்தால் செம்புக் கம்பி பச்சைப் பொடியாக உதிர்கிறது. இன்னும் உள்ளே போனால் கறுப்பு. உறைக்குள்ளேயே உப்பு ஈரம் ஏறிப்போயிருக்கிறது. இப்படிப்பட்ட இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தால் போதும். 30 ஆம்பியர் ஓடும்போது ஒன்றரை வோல்ட் அங்கேயே விழுந்துவிடும், 45 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் கிளம்பும். சாலிடர் இரும்பின் சூடு அது. ஏசி 'வோல்டேஜ் குறைவு' என்று அணைந்துவிடும், ஓனர் பேட்டரியைத் திட்டுவார்.

இதற்கு விசைப்படகுக்காரர்களிடம் பதில் இருக்கிறது. படகுக்குப் போடுகிற, வெள்ளீயம் பூசிய செம்பு வயரைக் கேளுங்கள். கம்பி வெள்ளையாக இருக்கும். மீட்டருக்கு விலை கூடுதல்தான், லாரிக்கு ஏழெட்டு மீட்டருக்கு மேல் தேவைப்படாது. முனையில் லக்கை நன்றாக அழுத்தி, பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும், நடுவழியில் அல்ல.

ஏசி வாங்கும்போது, சூட்டை வெளியே தள்ளுகிற கண்டன்சரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பளபளவென்று வெறும் அலுமினியத் தகடு என்றால் வேண்டாம். நீலமோ பொன்னிறமோ பூச்சு இருக்க வேண்டும். பூச்சு இருந்தாலும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால், அழுத்தமில்லாமல், கழுவ வேண்டும். பிரஷர் பம்பால் அடித்தால் தகடு மடங்கி, காற்று போகாமல், அதே ஏசி 600-க்குப் பதில் 800 வாட் இழுக்கும். கடற்கரையில் நிற்கிற வண்டிக்குக் கூரைமேல் வைப்பதைவிடக் கேபின் முதுகில் வைப்பதையே விரும்புவேன். பாடியின் மறைவில் நேர்க்காற்று குறைவாகப் படும். வாடியில் பக்கவாட்டுக் காற்று அதிகம் என்றால் ஒரு தார்ப்பாய்த் துண்டால் மூடினால் போதும், ஆனால் ஏசி ஓடும்போது அல்ல, அணைந்திருக்கும்போது மட்டும்.

பெட்டி மாட்டுவதற்கு முன் இன்ஷூரன்ஸ்காரருக்கும் ஒரு தகவல் கொடுத்து, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வயரிங்கில் தீப்பிடித்தால் முதல் கேள்வி, "வெளியே மாட்டியதா?" என்பதுதான்.

## காக்காவின் மூன்று வண்டி

கரி வண்டிக்கு லித்தியம் பார்க்கிங் ஏசி. தினமும் பத்து மணி நேரம் ஓடுகிறது, மே மாதம் 45 டிகிரியில் நிற்கிறது, கடல் பக்கம் வருவதே மாதம் இரண்டு முறை. இதில் யோசிக்க எதுவும் இல்லை.

மண்டபம் வண்டிக்கு ஃபேனும் வலையும், கம்பெனி வளாகத்தில் ஒரு பிளக்கும் போதும் என்றேன். காக்காவுக்கு மனசில்லை, "பையன் வேர்த்துக் கிடப்பானே" என்றார். அது நியாயமான கேள்விதான். பார்த்துவிட்டு, வளாகத்திலேயே செருகிச் சார்ஜ் ஆகிற மாதிரி பாதி அளவு லித்தியம், 100 ஏஹெச், சின்ன ஏசி என்று முடிவு செய்தோம். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். டிரைவர் நன்றாகத் தூங்குவதும் அந்த நேரம்தான்.

கேரளா வண்டிதான் இழுபறி. அது பெல்ட் ஃப்ரீசர். போகும்போது இன்ஜின் அணையாது. காலியாகத் திரும்பும்போது மட்டும் இரவு அணைத்துவிட்டு நிற்கலாம் என்றார். மாதத்துக்கு அப்படி எத்தனை இரவு என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார், ஐந்தோ ஆறோ வந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறேன். மற்ற இரண்டையும் ஏப்ரல் 15-க்கு மேல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அப்போதுதான் பட்டறையில் இடம் இருக்கும்.